துபாஷி வேடம் வாடகைக்குக் கிடைக்காது

எங்கள் காலத்தில் பிடித்த தலைவரைத் தேடும் சிரமம் மாணவனுக்கு இருந்ததில்லை. அதைத் தமிழய்யா பார்த்துக்கொள்வார். ‘நான் விரும்பும் தலைவர்’ என்று கரும்பலகையில் எழுதுவார். அடுத்த வரியில் அவர் விரும்பும் தலைவரின் பெயரை எழுதுவார். அதற்குக் கீழே முன்னுரை, பிறப்பும் இளமையும், கல்வி, நாட்டுத் தொண்டு, சிறை வாழ்க்கை, முடிவுரை என்று துணைத்தலைப்புகள். தலைவர் மாறலாம், துணைத்தலைப்பு மாறாது. சிறைக்குப் போகாதவராக இருந்தால் அந்த இடத்தில் ‘எளிமை’ என்று போட்டுக்கொள்ள வேண்டும். எளிமையும் இல்லாதவர் பாடத்திட்டத்திலேயே இல்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்த 1975-இல், அக்டோபர் 2-ஆம் தேதி காமராசர் மறைந்தார். திண்டிவனம் பக்கத்து எங்கள் ஊரில் கடை அடைத்தார்கள். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த வாரம் தமிழய்யா வகுப்புக்கு வந்து, தொண்டை அடைக்க நாலு வார்த்தை பேசினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அரையாண்டுக்கு இதுதான்டா வரும், மனப்பாடம் பண்ணிக்குங்க” என்றார். அவருடைய துக்கமும் உண்மை, வினாத்தாள் கணிப்பும் உண்மை. வந்தது. வகுப்பு முழுக்க ஒரே கட்டுரையை எழுதினோம். விருதுநகர், மதிய உணவு, கதர்ச் சட்டை, முடிவுரை. இடையில் குறள் ஒன்றைச் செருகியவனுக்கு அரை மதிப்பெண் கூடுதல். இன்றும் எனக்குக் காமராசர் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு எவ்வளவு தூரம் என்னுடையது, எவ்வளவு தூரம் அரையாண்டுத் தேர்வினுடையது என்று பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

பள்ளிக்கூடம் கொடுக்காத தலைவர்களை டூரிங் டாக்கீஸ் கொடுத்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் வந்த படம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே வெளிவந்து, நாங்கள் மீசை வைக்கும்வரை எங்கள் ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் பையன்களில் பாதிப் பேர் கட்டபொம்மன். மீசைக்குக் கண்மை, வாளுக்கு அட்டை, அட்டைமேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். வசனம் பேச எதிரில் ஒரு ஜாக்சன் துரை வேண்டுமே! கொஞ்சம் சிவப்பாகப் பிறந்துவிட்ட ஒரே குற்றத்துக்காக மளிகைக்கடைக்காரர் மகன் ஒவ்வொரு வருடமும் நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்கினான். அவனுக்கும் பிடித்தவர் கட்டபொம்மன்தான்.

அப்புறம் அக்காவின் பெட்டியிலிருந்த, கல்கி இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’. அக்காவுக்கு வந்தியத்தேவன், எனக்கு அருண்மொழிவர்மன். கல்லூரி விடுதிக்குப் போனதும் சுவரில் பகத்சிங்கும் சே குவேராவும் ஏறினார்கள். கவனித்துப் பார்த்தால் ஒரு சங்கதி தெரியும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறியபோது நாற்பதைத் தொடவில்லை. பகத்சிங்குக்கு 23. சே சுடப்பட்டபோது 39. இருபது வயதில் நமக்குப் பிடித்தவர்களெல்லாம் நாற்பதுக்குள் செத்துப்போனவர்கள். அவர்களுக்கு மாதக் கடைசி என்ற ஒன்று வந்ததில்லை. மேலதிகாரியின் மனைவிக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்க நேர்ந்ததில்லை.

எனக்கு நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது என் பேத்தி ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் இது கட்டுரை இல்லை, ‘ப்ராஜெக்ட்’. சார்ட் ஒட்ட வேண்டும், வேடம் போட வேண்டும், மூன்று நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும், கடைசியில் அந்த மனிதரிடமிருந்து கற்றுக்கொண்ட ஐந்து நல்ல குணங்களைச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழய்யா ஒரே ஒரு விஷயத்தில்தான் சர்வாதிகாரி: பெயரை அவரே சொல்லிவிடுவார். இன்றைய பிள்ளைகளுக்குப் பரிபூரண சுதந்திரம், யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சுதந்திரத்தோடு எங்கள் தெருமுனையில் இருக்கும் வாடகைக் கடைக்குப் போனோம். கொடியில் தலைவர்கள் தொங்கினார்கள். பாரதியார் என்றால் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, ஒட்டு மீசை. காந்தி என்றால் மொட்டைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி, தடி. ஜான்சி ராணிக்கு முதுகில் கட்டிக்கொள்ள பொம்மைக் குழந்தையும் சேர்த்து. அப்துல் கலாமுக்கு வெறும் முடிதான். எல்லாத்துக்கும் டெபாசிட் உண்டு, மீசை தொலைந்தால் கழித்துக்கொள்வார்கள். கடைக்காரர் சொன்னார்: “சார், பாரதியார் எல்லாம் புக் ஆயிடுச்சு. நேதாஜி ஒண்ணு இருக்கு, சைஸ் கொஞ்சம் பெருசு.”

சரித்திரத்தில் யாரைப் பிடிக்கும் என்பதை இன்று தீர்மானிப்பது சைஸ்தான். எங்களுக்கு வினாத்தாள், இவர்களுக்கு வாடகைக் கொடி.

பெரியவர்கள் கதையும் மாறியிருக்கிறது. எங்கள் காலத்தில் தலைவர்களுக்குச் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக மெரினாவில் பத்துச் சிலை வைத்தார்கள். பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் வள்ளுவர் முதல் ஜி.யு.போப் வரை வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே நடந்தோம். கண்ணகி யார் வீட்டுப் பெண் என்று யாரும் விசாரிக்கவில்லை. இப்போது ஒரு மன்னருக்குப் பிறந்த நாள் என்றால் போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள். ராஜராஜன் எங்கள் ஆள் என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வருகிறது. அதே செய்தி, சாதிப் பெயர் மட்டும் மாறி, அலுவலக நண்பர்கள் குழுவிலும் வருகிறது. பிடித்தவர் என்பது போய் உரியவர் என்று ஆகிவிட்டது. ஆயிரம் வருடத்துக்கு முன் செத்தவருக்கு இன்று பட்டா மாற்றம் நடக்கிறது.

இந்த நெரிசலில், எவரும் பட்டா கேட்டு வரிசையில் நிற்காத ஒருவரை நான் என் முப்பத்தைந்து வயது வாக்கில் பிடித்துக்கொண்டேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

பேத்தி கேட்டாள்: “அவர் என்ன சண்டை போட்டார் தாத்தா?”

“சண்டை போடலை. சண்டையைப் பார்த்து எழுதி வச்சார்.”

“அப்புறம்?”

“மறுநாளும் எழுதினார்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. மகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: “அப்பா, மிஸ்ஸுக்குத் தெரிஞ்ச ஆளா சொல்லுங்கப்பா.”

எனக்கு அவர் அறிமுகமானது பிரபஞ்சன் மூலம். ‘மானுடம் வெல்லும்’ நாவலையும், 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ நாவலையும் படித்துவிட்டு, இந்தப் பிள்ளை நிஜமாகவே இப்படியெல்லாம் எழுதினாரா என்று நூலகத்தில் நாட்குறிப்பைத் தேடினேன். எழுதியிருந்தார். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, நள வருடம் ஆவணி மாதத்தில் தொடங்கி, ஏறக்குறைய 25 வருடம். கணக்குப் புத்தகம் போன்ற பெரிய நோட்டுகளில் தேதி, கிழமை, நாழிகை போட்டு, காலையில் கோட்டைக்குப் போனேன், துரை இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன் என்று நடக்கும் எழுத்து. கப்பல் வந்தால் கப்பல். பீரங்கி மரியாதை போட்டால் எத்தனை குண்டு என்ற எண்ணிக்கை. துணி மூட்டை, பாக்கு விலை, பல்லி சொன்ன பலன், ஜோசியன் சொன்ன பலன், எவன் எவளோடு ஓடினான் என்பது. பாஷை என்ன பாஷை என்கிறீர்கள்? தமிழ், தெலுங்கு, பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு எல்லாம் ஒரே வாக்கியத்தில் தோளில் கைபோட்டு நடக்கும். தூய தமிழ் மன்றத்தில் வாசித்தால் பாதியில் இறக்கிவிடுவார்கள்.

மனிதர் 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடப் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்தார். வரவழைத்தவர் தகப்பனாரின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கும்பினியின் துபாஷி. துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெள்ளைக்காரனுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிற ஆள். வியாபாரத்துக்குத் தரகர், நவாபுகளோடு பேச்சுவார்த்தைக்குத் தூதர், ஊர் வழக்குக்குப் பஞ்சாயத்தார். அப்படிப்பட்ட நைனியப்பரை, ஆளுநர் எபேர் 1716-இல் பிடித்து அடைத்தார். சவுக்கடி, சொத்துப் பறிமுதல். அடுத்த வருடம் சிறையிலேயே செத்துப்போனார். நம்ம ஆள் அப்போது எட்டு வயதுப் பையன். கும்பினியின் தயவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த வீடு அவ்வளவு சீக்கிரமே பார்த்துவிட்டது. பிற்காலத்தில் பிள்ளை ஒவ்வொரு நாளும் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று வரி தவறாமல் எழுதிவைத்ததற்கு வரலாற்று உணர்வு என்று ஆய்வாளர்கள் பெயர் வைக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவனாக எனக்கு வேறு பெயர் தோன்றுகிறது: பாதுகாப்புக்கான அலுவலகக் குறிப்பு. நாளை விசாரணை வந்தால் காட்டுவதற்கு.

எங்கள் அலுவலகத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எங்கள் அதிகாரி நல்லவர். அவர் மனைவியும் நல்லவர்தான். ஆனால் இடமாற்றம், பதவி உயர்வு, யாருக்கு ஜீப் என்பதெல்லாம் அந்த அம்மையாரின் வீட்டு வராந்தாவில்தான் தீர்மானமாகும். “அம்மா சொன்னாங்க” என்று டிரைவர் வந்து நின்றால் அது அரசாணைக்கு மேல். எங்கள் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு எல்லாரும் பறந்தார்கள். வேலை முழுதும் என் தலையில் விழுந்தது. உத்தரவு மட்டும் வரவில்லை. ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் 1746-ஆம் வருட நாட்குறிப்பைப் படித்தேன். பிப்ரவரியில் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்துபோகிறார். ஆளுநர் துய்ப்ளே. அவர் மனைவி ழான், புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர், தனக்கென்று ஒற்றர் படை வைத்திருந்தவர். காலியான இடத்துக்கு ஊரில் பெரிய கைகளெல்லாம் மோதுகின்றன. யார் மதாமுக்கு எவ்வளவு தருவதாகச் சொன்னார், எந்த வைத்தியர் பெயர் அடிபடுகிறது, முதலியாரின் தம்பி என்ன செய்கிறார் என்று பிள்ளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார். வேலையைப் பார்ப்பது அவர்தான். துரை கூப்பிடுவதும் அவரைத்தான். நாற்காலி மட்டும் உடனே வரவில்லை. எனக்குப் பதவி ஆசை இல்லை என்று ஒரு நாள் எழுதுவார். நாலு நாள் கழித்து, ஜோசியர் இந்த வருடம் நிச்சயம் என்று சொன்னதையும் எழுதுவார். இரண்டையும் அடிக்காமல் விட்டிருக்கிறாரே, அந்த இடத்தில்தான் மனிதர் என் மனசில் உட்கார்ந்தார். கட்டபொம்மனை நான் அண்ணாந்து பார்த்தேன். இவர் என் மேஜைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

பதவி பிற்பாடு வந்தது. பாக்குக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை ஊரை நடத்தினார். ‘ஆனந்தப்புரவி’ என்று சொந்தக் கப்பல் ஓட்டினார். ஹைதராபாத் நிஜாம் முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்று பட்டம் கொடுத்தார். குதிரைகள் பட்டத்தோடு சரி என்று நினைக்கிறேன். புலவர்கள் தேடி வந்தார்கள். அவர்மேல் கோவை பாடினார்கள், சமஸ்கிருதத்தில் சம்பு காவியம் எழுதினார்கள். துரை அவரைப் புகழ்ந்த நாட்களில் மட்டும் நாட்குறிப்பு நிதானமாக, பக்கம் பக்கமாக நடக்கும். திட்டிய நாட்களையும் எழுதியிருக்கிறார், கொஞ்சம் வேகமாக.

நல்லவரா என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை. சாதிப் பெருமை உள்ளவர். கனகராய முதலியார் தாம் கட்டிய தேவாலயத்துக்காக எல்லாச் சாதியாரையும் அழைத்து, அவரவருக்குத் தனித்தனிச் சமையல் வைத்து விருந்து போட்டதைப் பிள்ளை விவரமாக எழுதிவிட்டு, இது அந்த வழியும் இல்லை இந்த வழியும் இல்லை என்று முகம் சுளிக்கிறார். 1745-இல் தேவாலயத்துக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்ததும், அவர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டதும், சுவர் இடிபட்டதும் நமக்குத் தெரிவது இவர் எழுதியதால். அந்தச் சுவரை இடித்தவர்கள் பக்கம் நின்றா எழுதினார்? இல்லை. ஆனாலும் எழுதினார். தமக்குப் பிடிக்காத செய்தியையும் தேதி போட்டுப் பதிவு செய்கிற குணம் எத்தனை பேருக்கு இருக்கிறது? வாட்ஸாப் குழுவில் நமக்குப் பிடிக்காத செய்தியை நாம் அனுப்புகிறோமா?

என்னை அசைத்தது 1748 செப்டம்பர். ஆங்கிலேயத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறான். குண்டுகள் ஊருக்குள் விழுகின்றன. அந்தக் குழப்பத்துக்கு நடுவே, சேசு சபையாரின் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்க உத்தரவாகிறது. வருடக்கணக்காக ஆளுநர்கள் செய்யத் துணியாத காரியம். முற்றுகை என்ற சாக்கில் முடிந்தது. கொத்தனார்கள், சிப்பாய்கள், பாதிரிமார்கள், பொறியாளர் என்று எல்லாரும் வந்து நிற்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஓடி வருவது பிள்ளையிடம். தமிழர்களில் ஆளுநருக்கு மிக நெருக்கமானவர் அவர்தானே!

இந்த இடத்தில் என் பழைய நாயகர்களில் எவரை வைத்தாலும் கதை வேறு. ஒருவர் வாளை உருவியிருப்பார். ஒருவர் வாசலில் உண்ணாவிரதம் இருந்திருப்பார். சினிமாவாக இருந்தால் இடைவேளை விட்டிருப்பார்கள். பிள்ளை என்ன செய்தார்? உற்சவ மூர்த்திகளையும் கோயில் சாமான்களையும் காளத்தீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று வழி சொன்னார். அதற்கு மேல் அவரால் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, யார் முதலில் எதை உடைத்தார்கள், யார் என்ன பேசினார்கள், ஊர்ப் பெரியவர்கள் எப்படி ஒற்றுமை இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், மதாம் இதற்கு எவ்வளவு காலமாகக் காத்திருந்தாள் என்று எழுதினார். மறுநாள் காலை துரையைப் பார்க்கக் கோட்டைக்குப் போனார். வேலை இருந்தது, போனார்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன். இவ்வளவு பெரிய பதவி, இவ்வளவு செல்வாக்கு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச நாக்கு வரவில்லையா? அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கடைநிலை ஊழியரை, வராந்தாவிலிருந்து வந்த ஒரு சொல்லை வைத்து, இரண்டு மாவட்டம் தள்ளித் தூக்கிப் போட்டார்கள். அந்த உத்தரவுக்குக் குறிப்பு எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நல்ல ஆங்கிலத்தில், ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்று முடித்து, கீழே சுருக்கொப்பம் போட்டேன். பிள்ளையாவது வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதினார். நான் வீட்டுக்குப் போய் டிவி பார்த்தேன்.

அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தைரியம் உள்ளவர்களை மதிக்கிறேன். தெருமுனையில் சிலையாக நிற்க அவர்களே பொருத்தம். ஆனால் தைரியம் இல்லாத நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு முன்மாதிரி வேண்டாமா? நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் பெரும்பகுதி அந்த நேரம்தான். வெட்கத்தை மறைக்காமல் எழுதிவைப்பது வீரம் இல்லை. ஆனாலும், வீரர்கள் இறந்த பிறகு அவர்கள் வீரர்கள் என்று ஊருக்குச் சொல்ல அப்படி எழுதுகிறவன் ஒருத்தன் வேண்டியிருக்கிறது. ராஜராஜன் செய்த நல்ல காரியங்களை ராஜராஜனே கல்லில் வெட்டிவைத்தான். அரசன் வெட்டிய கல்லில் தவறு இருக்காது. துபாஷியின் நோட்டில் துரையின் பயமும் இருக்கிறது, துபாஷியின் பயமும் இருக்கிறது.

அந்த நோட்டுகளுக்கு நாம் கொடுத்த மரியாதையையும் சொல்லிவிட வேண்டும். 1756-இல் பிள்ளை பதவி இழந்தார். உடம்பும் படுத்தது. 1761 ஜனவரி 12-ஆம் தேதி இறந்தார்; நாலே நாளில், 16-ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அந்த ஒரு காட்சியை மட்டும் அவர் எழுத வேண்டியிருக்கவில்லை. நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியது நாற்பதுகளின் கடைசியில். ஒரு தமிழர் தமிழில் எழுதியதை வெள்ளைக்காரன் படித்து முடித்து அலமாரியில் வைத்த பிறகு நாம் முதல் பக்கத்தைப் புரட்டினோம். அதற்குள் கட்டபொம்மன் கூத்திலும் மேடையிலும் எத்தனை முறை தூக்கில் தொங்கிவிட்டார்!

பேத்தி கடைசியில் ஜான்சி ராணியாகப் போனாள். பொம்மைக் குழந்தை மேடையில் அவிழ்ந்து விழுந்ததில் கைதட்டல் கொஞ்சம் கூடவே கிடைத்தது. ஐந்து நல்ல குணங்களைத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். அவளிடம் நான் குறை காணமாட்டேன். பத்து வயதுக்குக் குதிரையும் வாளும் வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையிடமிருந்து ஐந்து நல்ல குணம் எடுக்கச் சொன்னால் நானே மூன்றாவதில் திணறிவிடுவேன். காலை எழுந்ததும் எழுதுவது, எதையும் எண்ணிப் பார்ப்பது… அப்புறம்? துரை பொண்டாட்டியிடம் வாயைக் கொடுக்காமல் இருப்பது என்று சார்ட்டில் எழுத முடியாது.

புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையில் துய்ப்ளே சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. பிள்ளையின் வீடும் அந்த வட்டாரத்தில்தான். கீழே மரத்தூண் வைத்த தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுக்காரன் பாணியில் கட்டின மாடி. அந்த மனிதரின் ஜாதகம் முழுதும் அந்த இரண்டு தளத்தில் இருக்கிறது. வாழைப்பழ வண்டிகளுக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவில் கொஞ்சம் விசாரித்துத்தான் போக வேண்டும்.

நாட்குறிப்பு இப்போது தமிழில் தொகுதிகளாகக் கிடைக்கிறது. படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் தொகுதியிலிருந்து தொடங்காதீர்கள். கப்பல் வரவும் துணி மூட்டைக் கணக்கும் உங்களைத் துரத்திவிடும். நேரே 1746 பிப்ரவரிக்குப் போங்கள். கனகராய முதலியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், நாற்காலி காலியாகப் போகிறது, ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அதன்பிறகு உரைநூல் தேவைப்படாது.